நாற்காலி வாங்குமுன் உடலை அளந்துகொள்ளுங்கள்

முதுகுவலிக்காக எமது மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் கணினிப் பணியாளர்கள் பலர். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியபின் அவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், எந்த நாற்காலி வாங்கலாம்?" சிலர் கைப்பேசியில் படத்தையே எடுத்துக் காட்டுகின்றனர். விலை சில ஆயிரங்களில் தொடங்கி ஓர் இலட்சம் ரூபாயையும் தாண்டுகிறது. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடிய பொருள் என்பதால், இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறேன்.

முதலில் ஒன்று. எல்லா முதுகுவலியும் நாற்காலியால் வருவதில்லை. சிறுநீர் கழிக்க இயலாமற்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுதல், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் தொய்ந்துபோதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். வலியுடன் காய்ச்சல், காரணம் தெரியாத எடைக் குறைவு, உறக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, முன்னர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற வரலாறு ஆகியவை இருப்பினும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. 'புது நாற்காலி வந்ததும் சரியாகிவிடும்' என்று இரண்டு மாதங்கள் காத்திருந்து வருவோரைக் காணும்போதுதான், அந்த நாற்காலியின் உண்மையான விலை எனக்குப் புலப்படுகிறது.

பள்ளி நாள்முதல் நமக்குச் சொல்லப்பட்டது 'நிமிர்ந்து உட்கார்' என்பதே. உடலியல் அதை அப்படியே ஏற்கவில்லை. 1960களில் ஸ்வீடன் நாட்டு எலும்பு அறுவை மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி உட்காரும்போது அவ்வழுத்தம் நிற்பதைக் காட்டிலும் மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. 1999-இல் ஜெர்மனியில் வில்கேயும் அவர்தம் குழுவினரும் ஒரே ஒரு தன்னார்வலரின் இடைத்தட்டில் அளவியைப் பொருத்திப் பார்த்தபோது, உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடச் சற்றே குறைவாகவும், பின்னால் சாய்ந்து தளர்ந்து அமர்ந்தபோது ஏறக்குறையப் பாதியாகவும் இருந்தது. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 22 பேரை எம்.ஆர்.ஐ. வழியே ஆராய்ந்தவர்கள், தொடைக்கும் உடலுக்கும் இடையே 135 பாகை வருமாறு சாய்ந்திருந்தபோது இடைத்தட்டின் நகர்வு மிகக் குறைவு என்றனர். இவை சிறிய ஆய்வுகளே. ஒன்றோடொன்று முழுவதும் ஒத்துப்போகவும் இல்லை. எனினும் செங்குத்தாக விறைத்து அமர்வதற்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பது தெளிவு. வளர்ந்தோரின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறிவருவதே அதன் உணவு. நெடுநேரம் அசையாதிருத்தல், அது எவ்வளவு அழகான நிலையாயினும், முதுகுக்கு ஏற்றதன்று.

ஆகவே, விலையுயர்ந்த நாற்காலியிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டே: அது நம் உடலின் அளவுக்குப் பொருந்துகிறதா? நாம் அசையும்போது உடன் அசைகிறதா? 1994-இல் அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட ஏரான் நாற்காலி இவ்வகையில் பெயர் பெற்றது. வலைத்துணி இருக்கையைப் பற்றியே பலரும் பேசுவர். நான் அதில் மதிப்பது அதைச் செருப்பு வாங்குவதுபோல் மூன்று அளவுகளில் செய்தார்கள் என்பதையே. எல்லோருக்கும் ஒரே அளவு என்று விற்கப்படும் நாற்காலி, குள்ளமானவர்களுக்கும் மிக உயரமானவர்களுக்கும் பொருந்துவது அரிது.

அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படிய அமர்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால் அதுவே உங்களுக்குரிய இருக்கை உயரம். பெரும்பாலோர்க்கு அது உடல் உயரத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. 152 செ.மீ. உயரமுள்ள பெண்மணிக்கு 38 செ.மீ. எனக் கொள்வோம். கடைகளில் கிடைக்கும் பல நாற்காலிகள் எவ்வளவு இறக்கினாலும் 42 அல்லது 43 செ.மீட்டருக்குக் கீழே வருவதில்லை. பாதம் தொங்கும், இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும், கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க அவர் முன்னால் நகர்ந்து அமர்வார். பணம் கொடுத்து வாங்கிய முதுகுச் சாய்மானம் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வெறுமனே நிற்கும்.

இன்னொரு சிக்கல் மேசை. நம் அலுவலக மேசைகளும் வீட்டு உணவு மேசைகளும் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் உள்ளவை. அதே பெண்மணி 38 செ.மீ. உயரத்தில் அமர்ந்தால் அவருடைய முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ. அளவில்தான் இருக்கும். இடையே 15 செ.மீ. வேறுபாடு. தட்டச்சு செய்யும் நேரமெல்லாம் தோள்களைத் தூக்கியபடியே இருக்க வேண்டும், மாலையில் கழுத்துவலி. இத்தகைய ஒருவர் எம்மிடம் வந்தார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு நாற்காலி வாங்கியும் வலி கூடியதே என்பது அவர் வருத்தம். நாற்காலியில் குறையொன்றும் இல்லை. மேசைக்கடியில் தட்டச்சுப் பலகைக்கென ஓர் இழுப்புத் தட்டைத் தச்சரைக் கொண்டு பொருத்தி, இருக்கையைச் சற்று உயர்த்தி, காலடியில் 7 செ.மீ. உயர மரப்பலகை ஒன்றை இட்டார். தச்சுச் செலவு நாற்காலி விலையில் ஒரு சிறு பகுதிதான். அத்துடன் பயிற்சிகளையும் விடாது செய்ததால் ஆறு வாரங்களில் வலி வெகுவாகத் தணிந்தது. மடிக்கணினியே பயன்படுத்துவோர் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தனித் தட்டச்சுப் பலகை வைத்துக்கொள்ளலாம். இருபார்வைக் கண்ணாடி அணிவோர்க்கு மட்டும் திரை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து நோகும்.

இருக்கையின் ஆழத்தையும் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது, முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். கீழ்முதுகைத் தாங்கும் புடைப்பு, இடுப்புப் பட்டை கட்டும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள உள்வளைவில் அமர வேண்டும். அது ஏறி இறங்காவிடில் பலருக்கு இடைஞ்சலே. சாய்மானத்தின் இறுக்கத்தை உங்கள் எடைக்கேற்ப மாற்றும் திருகு இன்றியமையாதது. அதை ஒருமுறை சரிசெய்தபின் பூட்டி வைக்காதீர்கள், உடலோடு சேர்ந்து சாயட்டும். கைதாங்கிகள் ஏறி இறங்க வேண்டும். மேசைக்குள் நுழையாமல் இடித்து நிற்கும் கைதாங்கியைவிட அது இல்லாததே மேல். தலைதாங்கியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நம் வெயிலுக்கு வலைத்துணி இதமானது. இவை அனைத்தும் இருபதாயிரம் ரூபாய் நாற்காலியில் கிடைத்தால் அதுவே போதும். அதற்கு மேல் கொடுக்கும் விலை பெரும்பாலும் உழைப்புறுதிக்கும் உத்தரவாதத்துக்கும் பெயருக்குமே. பின்பாக்கெட்டில் தடித்த பணப்பையை வைத்துக்கொண்டு அமர்வோர்க்கு எந்த நாற்காலியும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில நோயாளிகளுக்கு இந்த அறிவுரை மாறுபடும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், அறுவை மருத்துவர் அனுமதிக்கும் வரை தாழ்ந்த இருக்கையைத் தவிர்க்க வேண்டும். முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருப்பதே பாதுகாப்பு. முதியவர்களுக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளோர்க்கும் சக்கர நாற்காலி வகை அலுவலக இருக்கை ஆபத்தானது. எழும்போது அது பின்னால் நழுவி விழச் செய்யும். உறுதியான நான்கு கால்களும் இரு கைதாங்கிகளும் உள்ள மரநாற்காலியே அவர்களுக்கு ஏற்றது. தண்டுவடக் காயத்தால் உணர்விழந்தவர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த அலுவலக நாற்காலியும் படுக்கைப்புண்ணைத் தடுக்காது; அழுத்தம் குறைக்கும் தனி மெத்தை வேண்டும். நோயாளியின் அருகே நாள்முழுதும் அமர்ந்திருக்கும் உறவினர்களே, உங்கள் முதுகும் இதில் அடக்கம். வார்டு முக்காலியில் இருந்து அரைமணிக்கொருமுறை எழுந்து தாழ்வாரம் வரை நடந்து வாருங்கள்.

எழுதல் என்பது நாற்காலியோடு சேர்த்து வாங்க முடியாத பகுதி. 2016-இல் லான்செட் இதழில் வெளியான, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்பில் ஈடுபடுவோரிடம், எட்டு மணி நேரத்துக்கும் மேல் அமர்வதோடு தொடர்புடைய கூடுதல் இறப்பு அபாயம் காணப்படவில்லை என்றது. அவ்வளவு இயலாதோர், தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுவது என்ற ஒன்றையாவது கடைப்பிடிக்கலாம்.

வாங்கச் செல்லும்போது கடையில் ஐந்து நிமிடம் அமர்ந்து முடிவெடுக்காதீர்கள். அந்நேரத்துக்கு எல்லா நாற்காலியும் சுகமாகவே இருக்கும். அரைமணி நேரமாவது அமர்ந்து பாருங்கள்; இணையவழி வாங்கினால் திருப்பித்தரும் காலவரம்பைக் கேட்டறியுங்கள். அதற்குமுன், உங்கள் அளவுகளைக் குறித்த தாளையும், மேசை முன் நீங்கள் வழக்கமாக அமரும் நிலையைப் பக்கவாட்டிலிருந்து வீட்டார் எடுத்த ஒரு புகைப்படத்தையும் எமது இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரலாம். இருக்கும் நாற்காலியிலேயே எதை மாற்றலாம் என்பதை முதலில் பார்த்துச் சொல்வார்கள்.