பத்தாவது ஆள்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பெங்களூரில் கைநிறையச் சம்பளம், தனி அறை, சொந்த வண்டி எல்லாம் அமைந்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் மனசு வெறிச்சோடிப் போகிறது, ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். நண்பனோடு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனாயாம். உனக்காக ஜெபித்தவர், “விசுவாசம் இருந்திருந்தால் இந்நேரம் சுகமாகியிருப்பாய்” என்று சொல்லிவிட்டாராம். இருந்த பாரம் போதாதென்று இந்தப் பழியையும் சுமந்துகொண்டு திரும்பியிருக்கிறாய். முதலில் அதை இறக்கி வை. சுகமாகாதவர்களெல்லாம் விசுவாசம் இல்லாதவர்கள் என்று வேதம் சொல்லவில்லை.

பவுல் அப்போஸ்தலனையே எடுத்துக்கொள். அவர் கைகளால் எத்தனையோ பேர் சுகமானார்கள். ஆனால் தன் சரீரத்தில் தைத்திருந்த முள்ளை எடுத்துப்போடும்படி அவர் மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. தாங்குவதற்கான கிருபைதான் கிடைத்தது. உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். உன்னைப் போன்ற வாலிபனான தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு. வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொன்னாரே தவிர, உனக்கு விசுவாசம் போதாது என்று பவுல் கடிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் இயேசு தரும் சுகம் எது? லூக்கா 17ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். ஆசாரியர்களிடம் போய்க் காண்பியுங்கள் என்கிறார் இயேசு. போகிற வழியிலேயே பத்துப் பேரும் சுத்தமாகிறார்கள். ஒன்பது பேர் கேட்டதைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் மட்டும், அதிலும் யூதர்கள் தள்ளிவைத்திருந்த சமாரியன், திரும்பி வந்து அவர் பாதத்தில் விழுகிறான். அவனுடைய விசுவாசம் அவனை இரட்சித்தது என்ற வார்த்தையைக் கேட்டவன் அந்த ஒருவன்தான். மற்ற ஒன்பது பேருக்கும் உடம்பு சரியாயிற்று. கொடுத்தவரோடு உறவு உண்டாகவில்லை. உன் சம்பளமும் வண்டியும் தேவன் கொடுத்தவைதான், அவற்றில் குற்றமில்லை. ஆனால் அவை ஒன்பது பேருக்கும் கிடைக்கக்கூடியவை. நீ தேடுகிற நிறைவு பத்தாவது ஆளுக்குக் கிடைத்தது.

ஒன்பது பேர் பெற்றது கிடைக்காமலே பத்தாவது ஆள் பெற்றதைப் பெற்றவர்களும் உண்டு. நம் பக்கத்து டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அப்படிப்பட்டவர். அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், கடைசிவரை சொந்த நாட்டுக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கோவிலுக்கென்று விடப்பட்ட ஒரு சிறுமி 1901இல் அவரிடம் அடைக்கலமாக வந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் அம்மாவானார். 1931 அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம், களக்காட்டில் ஊழியத்துக்காகப் பார்த்திருந்த வீட்டுக்குப் போனவர், அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய நடமாட்டம் திரும்பவே இல்லை. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். பிள்ளைகள் அவருக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

அந்த அறையிலிருந்தே அவர் பல புத்தகங்கள் எழுதினார். 1933இல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயாளிகளுக்காக எழுதியது. நோயாளிகளுக்கென்று ஆறுதலாக அச்சிட்டு வந்தவையெல்லாம் நல்ல உடம்போடு இருப்பவர்கள் எழுதியவை, படுத்துக் கிடப்பவர்களுக்கு அவை ஒட்டவில்லை என்று கண்டு, வலியில் இருந்துகொண்டே வலியில் இருப்பவர்களுக்கு எழுதினார். வலி போகவில்லை, அந்த வலியே பிறருக்கு உதவியாயிற்று. ஆத்தும சுகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி நீ செய்யவேண்டியவை. தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பார். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான். டோனாவூரிலும் ஜெபவீட்டோடு ஆஸ்பத்திரியும் இருந்தது. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமில்லை. ஜெபத்தில் பூசிமெழுகாதே. வருத்தமோ கோபமோ, உள்ளதை உள்ளபடி சொல். 88ஆம் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும் புலம்பல்தான். இருளிலேயே முடிகிறது. அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே! படுக்கப்போகும்முன் போனை எட்ட வைத்துவிட்டு மாற்கு சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம் வாசி. மொத்தம் பதினாறு அதிகாரங்கள்தான். வாசித்து முடித்ததும், அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையைப் பேர் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணு. பத்தாவது ஆள் செய்தது அதுதானே.

கூட்டத்துக்குக் கூட்டம் அலையாதே. ஒரு சபையில் வேர் பிடி, திருவிருந்தில் பங்கெடு. யார்மேலாவது கசப்பு இருந்தால் தூக்கிக்கொண்டு திரியாமல் மன்னித்துவிடு. ஞாயிறு சாயங்காலம்தானே உன்னைப் பிடித்து அமுக்குகிறது? அந்த நேரத்தில் சபையில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒருவரைப் போய்ப் பார். பிரசங்கம் ஒன்றும் வேண்டாம். அவர் பேசினால் கேள், தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடு. தனக்கென்று மட்டும் வாழ்கிற வாழ்க்கை எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது. பிறருக்காகக் கொஞ்சம் செலவழித்துப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும்.

இதெல்லாம் செய்தால் வெறுமை மறுநாளே ஓடிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் அந்த வெறுமையிலும் நீ தனியாக இல்லை. உடனே மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

கிறிஸ்துவின் அன்பில்,
பெரியம்மா