மோயாவின் ஆட்டக் கணக்கில் நம் சென்னை



தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் நாளை நாம் அனைவரும் அறிவோம். கணிதம் 91, அறிவியல் 84, வரலாறு 58 என்று எண்கள் வரிசையாக நிற்கும். அந்த எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் வரலாற்றுத் தேர்வன்று காய்ச்சலோடு வந்து எழுதினோம் என்பதை அந்த 58 யாருக்கும் சொல்லாது. பட்டியல் ஒரு பாதியைச் சொல்கிறது. மறுபாதியை நாம்தான் தேடி அறிய வேண்டும்.

விளையாட்டு வீரர்களுக்கும் இப்படிப்பட்ட பட்டியல் உண்டு. எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை வென்றார், எந்த ஊரில் எந்த ஆண்டு பட்டம் பெற்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த ஆண்டு எங்கள் விளையாட்டுக் கழகத்தில் அத்தகைய பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பாடம்போல் படித்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் ஸ்பெயின் நாட்டு டென்னிஸ் வீரர் கார்லோஸ் மோயா. நம் பள்ளியில் டென்னிஸ் ஆடுகளம் இல்லை. நமக்குத் தெரிந்தது டென்னிகாய்ட்டும் எறிபந்தும்தான். அப்படியிருக்க இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்பீர்கள். இவருடைய பட்டியலில் 'சென்னை 2005' என்று ஒரு வரி இருக்கிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் நமக்கு அந்த வரியை வாசிக்கத் தனிக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

யார் இவர்?

மத்தியதரைக் கடலில் மயோர்க்கா என்றொரு தீவு. அதன் தலைநகர் பல்மா ஒரு துறைமுக நகரம். அங்கே 1976 ஆகஸ்டு 27ஆம் நாள் மோயா பிறந்தார். 1995இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதே ஆண்டில் புவனோஸ் ஐரிஸ் நகரில் தம் முதல் பட்டத்தை வென்றார். 1997 சனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்து அமெரிக்கரான பீட் சாம்ப்ராசிடம் தோற்றார். அடுத்த ஆண்டு, 1998இல், பிரெஞ்சுப் போட்டியின் இறுதியாட்டத்தில் தம் நாட்டவரான அலெக்ஸ் கொரெத்ஜாவை 6-3, 7-5, 6-3 என்று வென்று வாகை சூடினார். உலகின் நான்கு பெரும் போட்டிகளில் அவர் பெற்ற பட்டம் அது ஒன்றே.

1999 மார்ச் 15ஆம் நாள் ஆண்கள் உலகத் தரவரிசையில் முதலிடம் அவருக்குக் கிடைத்தது. கணினித் தரவரிசை 1973இல் தொடங்கிய பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் ஸ்பானிய ஆண் அவரே. இங்கே 'ஆண்' என்ற சொல்லைத் தோழியர் கவனிக்க வேண்டும். அவருக்கு நான்கு ஆண்டு முன்பே, 1995 பிப்ரவரியில், அரான்ட்சா சான்செஸ் விகாரியோ என்ற ஸ்பானியப் பெண்மணி மகளிர் வரிசையில் முதலிடம் பெற்றுவிட்டார். 1998இல் மோயா பிரெஞ்சுப் பட்டத்தை வென்றபோது மகளிர் பட்டத்தை வென்றவரும் அவரே. வழியைத் திறந்தவர் யார் என்று கேட்டால் விடை ஒரு பெண்ணின் பெயர்தான்.

முதலிடம் மோயாவிடம் இரண்டே வாரம் இருந்தது. 'இரண்டு வாரந்தானா?' என்று எங்களில் சிலர் சிரித்தோம். பிறகு யோசித்தோம். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் பெற்ற புள்ளிகளின் கூட்டு. ஒவ்வொரு வாரமும் பழைய புள்ளிகள் கழியும், புதியவை சேரும். அங்கே நிற்பதற்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மோயாவுக்கோ அதே ஆண்டு முதுகில் காயம் ஏற்பட்டு ஆட்டம் தடைப்பட்டது. இரண்டு வாரம் என்ற சிறிய எண்ணுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

தோல்விகளை எண்ணுவோம்

மோயாவின் ஒற்றையர் கணக்கு முழுவதையும் கூட்டினால் வெற்றி 575, தோல்வி 319. ஏறத்தாழ மூன்று ஆட்டத்துக்கு ஒன்று தோல்வி. உலக முதலிடம் பெற்றவர் இத்தனை தோற்பாரா என்று வியப்புண்டாகும். இதன் காரணம் எளிது. 32 பேர் ஆடும் ஒரு போட்டியில் தோற்றவர் உடனே வெளியேறுகிறார். வாரக் கடைசியில் தோல்வியே இல்லாமல் ஊர் திரும்புகிறவர் ஒருவர்தான். மற்ற 31 பேரும் ஒவ்வொரு தோல்வியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். மோயா தம் ஆட்டக் காலம் முழுவதிலும் அப்படித் தோல்வியின்றித் திரும்பிய வாரங்கள் 20. அவருடைய பட்டங்கள் அத்தனையே.

தோல்விகளில் ஒன்று மிகவும் கசப்பானது. 1998ஆம் ஆண்டின் கடைசியில், ஜெர்மனியின் ஹனோவர் நகரில், அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. எதிரே நின்றவர் பாரிசில் அவரிடம் தோற்ற அதே கொரெத்ஜா. முதல் இரண்டு செட்டும் மோயாவுக்கு. இன்னும் ஒன்று வென்றால் பட்டம். ஆனால் அடுத்த மூன்றையும் கொரெத்ஜா வென்றார். பாரிசில் தோற்றவர் அந்தத் தோல்வியோடு நின்றுவிடவில்லை. ஹனோவரில் முன்னணியில் இருந்தவருக்கும் கடைசிப் பந்து வரை பட்டம் உறுதியாகவில்லை. முதல் இடைத்தேர்வில் முதலிடம் வந்து முழுத்தேர்வில் சறுக்கியவர்கள் நம்மிலும் உண்டே!

தரையும் ஆட்டமும்

இருபது பட்டங்களையும் தரைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். பதினாறு பட்டங்கள் களிமண் தரையில் கிடைத்தவை. களிமண்ணில் பந்து வேகம் குறைந்து, உயர்ந்து எழும்பும். பொறுமையாக ஓடி ஓடித் திருப்பி அடிப்பவருக்கு ஏற்ற தரை அது. ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதில்தான் ஆடக் கற்கிறார்கள். குரோவேசியா நாட்டு உமாக் நகரில் மட்டும் அவர் ஐந்து முறை வென்றிருக்கிறார்.

மீதி நான்கும் கெட்டித் தரையில் கிடைத்தவை. அங்கே பந்து விரைந்து வரும். யோசிக்க நேரம் குறைவு. அந்த நான்கு எவை? 1997இல் அமெரிக்காவின் லாங் ஐலண்ட், 2002இல் சின்சினாட்டி, பிறகு 2004இலும் 2005இலும் நம் சென்னை. பழகாத தரையில் அவர் பெற்ற வெற்றியில் சரிபாதி நம் ஊரில் கிடைத்தது! பீச் நிலையத்தில் தாம்பரம் மின்ரயில் ஏறினால் இறங்கக்கூடிய நுங்கம்பாக்கத்தில்தான் அந்த ஆடுகளம் இருக்கிறது. 1997 முதல் 2017 வரை அங்கே ஆண்டுதோறும் ஆண்கள் போட்டி நடந்தது. பிறகு அது புனேக்குப் போய்விட்டது. 2022இல் அதே அரங்கில் மகளிர் போட்டி நடந்தபோது பட்டம் வென்ற செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்டோவாவுக்கு வயது 17. நம் மேல்நிலை வகுப்பு மாணவியரின் வயதுதான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

இனி, முதலில் சொன்ன அந்த வரிக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, 2004 டிசம்பர் 5. ஸ்பெயினின் செவில் நகரில் அமெரிக்காவுக்கு எதிராக டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டி. இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். மோயா ஆண்டி ராடிக்கை மூன்று நேர் செட்டுகளில் வென்று கோப்பையைத் தம் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார்.

இரண்டாவது, டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை. சுமத்ரா அருகே கடலடியில் உண்டான நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் மாண்டனர். நாங்கள் அப்போது பிறக்கவில்லை. ஆனால் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் எண்ணூரிலும் உள்ள வீடுகளில் அந்நாளைச் சொல்லாத பாட்டி இல்லை. படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததையும், பிள்ளையின் பெயரைக் கூவிக்கொண்டு ஓடியதையும் அவர்கள் இன்றும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். வீடிழந்தவர்கள் கார்கில் நகர்த் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கிய காலம் அது. எர்ணாவூரில் 'சுனாமி குடியிருப்பு' என்று வழங்கும் இடம் அதன் பெயராலேயே அந்நாளை நினைவூட்டுகிறது.

மூன்றாவது, 2005 சனவரி 9. பேரலை வந்து சரியாக 14 நாள். நுங்கம்பாக்கத்தில் சென்னைப் போட்டியின் இறுதியாட்டம். மோயாவுக்கு எதிரே தாய்லாந்து நாட்டு வீரர் பாரடோர்ன் ஸ்ரீசப்பான். அவருடைய நாட்டின் கரையையும் அதே அலை தாக்கியிருந்தது. முடிவு: மோயா 3-6, 6-4, 7-6 (5).

இந்த எண்களை வாசிக்கும் முறையை இங்கே கற்றுக்கொள்வோம். முதல் செட்டை மோயா இழந்தார். இரண்டாவதை வென்றார். மூன்றாவதில் இருவரும் ஆறாறு ஆட்டம் வென்று சமமாக நின்றதால் 'டை-பிரேக்' ஆடினர். அதில் முதலில் ஏழு புள்ளி எடுப்பவர், இரண்டு புள்ளி வேறுபாட்டுடன் எடுத்தால் வெற்றி. அடைப்புக்குள் உள்ள 5 என்பது தோற்றவர் எடுத்த புள்ளி. ஆக, 7-5. ஒரு வாரம் ஆடி, ஐந்து ஆட்டம் கடந்து, கடைசியில் இரண்டே புள்ளியில் முடிந்தது பட்டம்.

அந்தப் பட்டத்துக்குரிய பரிசுப் பணத்தை மோயா ஆழிப்பேரலை நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பட்டியலைப் பாருங்கள்: 'சென்னை, 2005, கெட்டித் தரை, ஸ்ரீசப்பான், 3-6, 6-4, 7-6 (5)'. அவ்வளவே. பணம் எங்கே போயிற்று என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.

பின்னும் வந்தார்

2006இல் மறுபடி இங்கே இறுதியாட்டத்துக்கு வந்து இவான் லுபிசிச்சிடம் தோற்றார். 2008 அரையிறுதியில் தம் தீவைச் சேர்ந்த இளையவர் ரஃபேல் நடாலுடன் ஆடினார். மூன்று செட்டும் டை-பிரேக் வரை சென்றன. 3 மணி 54 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தில் நடால் வென்றார். ஆனால் களைத்துப்போய் மறுநாள் இறுதியாட்டத்தில் மிகைல் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று வீழ்ந்தார். மோயா 2010 நவம்பரில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2016 டிசம்பரில் அதே நடாலின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அப்போது நடாலிடம் 14 பெரும் பட்டங்கள் இருந்தன. 2024இல் அவர் ஓய்வு பெற்றபோது 22. தம்மை வென்றவரை மேலும் உயர்த்த உழைத்த அந்த ஆண்டுகள் மோயாவின் 575-319 கணக்கில் ஒரு புள்ளியும் கூட்டவில்லை.

நாம் கற்றது

ஒருவருடைய பரிசுப் பணம் கடல் கொண்டுபோனதைத் திருப்பித் தராது. இதை நாங்கள் அறிவோம். அவர் கொடுத்ததைப் பெரிதுபடுத்திப் பாடவும் எங்களுக்கு எண்ணமில்லை. அந்த இரண்டு வாரத்தில் நம் தெருக்களில் முன்பின் அறியாதவருக்குச் சோறு வடித்துப் போட்டவர்கள், மாற்றுப் புடவை கொடுத்தவர்கள், தாயற்ற குழந்தையைத் தம் பாயில் படுக்கவைத்தவர்கள் எத்தனையோ பேர். மோயாவுக்கு ஒரு வரியாவது இருக்கிறது. அவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் வரி இல்லை.

ஆகவே தோழியரே, பட்டியலை மதிப்போம். உழைப்பில்லாமல் அதில் ஓர் எண்ணும் ஏறுவதில்லை. ஆனால் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் 'எப்போது? யாருக்காக?' என்று இரண்டு கட்டங்களை நாமே வரைந்து நிரப்பக் கற்போம்.

பயிற்சி

1. 4-6, 7-6 (8), 6-2 என்ற முடிவை வாசித்து, ஒவ்வொரு செட்டையும் யார் வென்றார், டை-பிரேக்கின் புள்ளி என்ன என்று எழுதுக.

2. 575 வெற்றியும் 319 தோல்வியும் பெற்றவரின் வெற்றி விழுக்காட்டைக் கணக்கிடுக.

3. உங்கள் தெருவில் 2004 டிசம்பர் 26 அன்று பிறருக்கு உதவிய ஒருவரைத் தேடிச் சென்று பேசுக. அவர் செய்ததை ஒரே வரியில், நாளும் இடமும் குறித்து, உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைக்க. மூன்று பயிற்சிகளில் இதை முதலில் செய்க; விடை சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

— விளையாட்டுக் கழக மாணவியர்