மூவிரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புத் தேர்வில் உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் முறையைக் கேட்டிருந்தேன். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவியின் தம்பியை வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். "வீட்டுல கரைசல் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "அது பரீட்சைக்குப் படிச்சது டீச்சர்" என்றாள். அந்த வினாவுக்கு அவளுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

பிறகுதான் இந்தக் கரைசலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்துக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. போங்காவில் நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலை. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவரது பராமரிப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சிறுகுடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியமும் கூடவே உள்ளே போகிறது. நீர் அதைப் பின்தொடர்கிறது. அவ்வளவுதான் அறிவியல்.

அதை வீடுகளுக்குக் கொண்டுபோனதுதான் நமக்கான பாடம். 1980 முதல் பத்தாண்டுகள், வங்கதேசத்தின் பிராக் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றார்கள். மூவிரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். தாயே தயாரித்துக் காட்ட வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் போய்த் தாய்மாரைச் சோதிப்பார். அவர்களின் பதிலைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம். இதை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் சரியாகப் பதில் சொன்ன தாய்மாரில் பலர், குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைக் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்பித்தவர்களிலேயே சிலருக்கு அதில் நம்பிக்கை இல்லை! அதன்பின் அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு விளக்கினார்கள். தாய்மார் முன்னிலையில் அவர்களும் ஒரு வாய் குடித்துக் காட்டினார்கள். வீட்டு ஆண்களிடமும் பேசினார்கள். பயன்பாடு கூடியது.

இந்த ஆண்டு அந்த வினாவை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்துவிட்டேன். குழுக்களாக வகுப்பிலேயே கலக்கிறார்கள். முதல் தம்ளர் எனக்கு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். பிறகு வீட்டில் அம்மாவோ பாட்டியோ கலக்குவதைப் பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொன்னேன். நான்கு பேரின் குறிப்பில் உப்பு "கரண்டியில் குவித்து" என்று இருந்தது. தலைதட்டி அளக்க வேண்டும் என்று நான் சொல்லித்தரவே இல்லை.