முனைவர் பட்டம்: நினைத்ததும் நடந்ததும்

“சார், பகுதிநேரமாகப் பிஎச்.டி. பதியலாம் என்றிருக்கிறேன். மூன்று வருடத்தில் முடித்துவிடலாமா?” என்று இளைய ஆசிரியர் ஒருவர் அண்மையில் கேட்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன். என் அனுபவம் ஆய்வில் சேர நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம்.

எதிர்பார்த்தது

நெறியாளர் வழிகாட்டுவார், நிறையப் படிக்கலாம், விடுமுறைகளில் எழுதிவிடலாம் என்பது என் கணக்கு. ‘கிராமப்புற மாணவர்களின் மொழித்திறன்’ என்ற தலைப்போடு போனேன். “எந்த வகுப்பு? எந்தத் திறன்? எதை வைத்து அளப்பீர்கள்?” என்றார் நெறியாளர். என்னிடம் பதில் இல்லை.

நடந்தது

விடை காண ஓராண்டுக்கு மேலானது. ஆறாம் வகுப்பு மாணவர் எழுத்தில் ல, ள, ழ மயங்கொலிப் பிழைகள் என்று தலைப்பு சுருங்கியது. விடைத்தாள் திருத்தம், பயிற்சி, தேர்தல் பணி என விடுமுறைகள் கரைந்தன.

நான்காம் ஆண்டில் நான் எழுதிய இயலை நெறியாளர் திருப்பிக் கொடுத்தார். “பிழைகளை எண்ணியிருக்கிறீர்கள். அவை ஏன் வருகின்றன என்று கேட்கவில்லையே!” என்றார். மூன்று மாதம் கோப்பைத் தொடவில்லை. விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

ஒருநாள் ‘பளம்’ என்று எழுதிய மாணவியை வாசிக்கச் சொன்னேன். ‘பளம்’ என்றே வாசித்தாள். எங்கள் பகுதிப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். காதில் விழுந்ததை அவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் சிவப்பு மையால் சுழித்தேனே தவிர, ஒருமுறைகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. அன்றிரவு கோப்பைத் திறந்தேன்.

பதிவுக்கு முன்

1. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, பாடநெறிக் காலத்தையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் சலுகை உண்டு.

2. பகுதிநேரத்தில் சேரத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

3. தலைப்பை உங்கள் வகுப்பறையில் தேடுங்கள். தரவும் அங்கேயே கிடைக்கும், பயனும் அங்கேயே சேரும்.

ஆய்வேட்டைச் சென்ற ஆண்டு ஒப்படைத்தேன். வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். அந்த இளைய ஆசிரியரிடம் சொன்னேன்: “மூன்று வருடம் என்பது குறைந்த அளவுதான் சார். எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் உங்களுக்குப் பாடம் நடத்த முடியவில்லையோ, அதை முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள். பதிவைப் பற்றிப் பிறகு பேசுவோம்.”