மஞ்சள் விழுமுன்

அம்மாடி,

எல்.எல்.ஆர். கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் புளியறையிலிருந்து திருநெல்வேலி வரை ஓட்டிப் போயிருக்கிறாய். பக்கத்து சீட்டில் உன் அப்பா, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருப்பான், எனக்குத் தெரியும். முதல் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் சடன் பிரேக் அடித்தாயாம். பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வைதானாம். அந்தப் பயத்தில் அடுத்த சிக்னலில் நிற்காமல் போக, நடுச்சந்தியில் சிவப்பு விழுந்துவிட்டது. "மஞ்சள் விழுந்தா நிக்கணுமா, போணுமா பெரியப்பா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று போனில் கேட்டாய்.

ஒன்று மட்டும் சொல்ல முடியாது. விதியே அப்படிச் சொல்லவில்லை. மஞ்சள் விழுந்தால் கோட்டுக்கு முன்னால் நில். ஆனால் பத்திரமாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டால் கடந்து போ. அந்த 'ஆனால்' எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதுதான் உன் கேள்வி. ஆர்.டி.ஓ. மைதானத்தில் 'எச்' போடும்போது மஞ்சள் விழாது. அதனால் அதை யாரும் உனக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய எனக்கு அது காலுக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருந்தது.

நம் புளியறைக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2024 பிப்ரவரி 25, நடுநிசி தாண்டிய நேரம். கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ரோட்டிலிருந்து உருண்டு கீழே தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்து வந்த வயசான தம்பதி, செங்கோட்டைப் பக்கமாக ஒரு சிறப்பு ரயில் வருவதை அறிந்து, டார்ச்சோடு தண்டவாளத்திலேயே ஓடினார்கள். ரயில் நின்றது. முதலமைச்சர் ஸ்டாலின் அந்தத் தம்பதியை நேரில் அழைத்து 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். அவர்கள் எங்கே நின்று டார்ச் அடித்தார்கள் என்று யோசித்தாயா? லாரிக்குப் பக்கத்தில் நின்று அடித்திருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. இன்ஜின் டிரைவர் வெளிச்சத்தைப் பார்க்கும்போதே லாரியும் வந்திருக்கும். ரயிலுக்கு எதிராக ஓடி, அது நிற்பதற்கு வேண்டிய தூரத்தை அந்த இருட்டில் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

மஞ்சளும் அப்படி முன்னால் ஓடி வருகிற டார்ச்தான். அதுவும் ரயிலிடமிருந்து வந்தது. 1868இல் லண்டனில் வைத்த முதல் சாலை சிக்னலில் சிவப்பும் பச்சையும் மட்டும்தான், காஸ் விளக்கு. சில வாரங்களில் அது வெடித்தே போனது. 1920இல் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ்தான் ரயில்வே விளக்குகளைப் பார்த்து மூன்று நிறத்தையும் நாற்சந்திக்குக் கொண்டுவந்தார்.

இனி கணக்கு. பேப்பர் பென்சில் எடுத்துக்கொள். மஞ்சள் மூன்று நொடி எரிகிறது என்று வை. கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. ஆள் முன்னால் சாயாமல் பிரேக் பிடித்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க மொத்தம் 20 மீட்டர் வேண்டும். அதே வேகத்தில் மூன்று நொடியில் 25 மீட்டர் போகும். ஆக, மஞ்சள் விழும்போது நீ எங்கே இருந்தாலும் ஒன்று நிற்கலாம், அல்லது சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டலாம். 50இல் வா. நிற்க 46 மீட்டர். மூன்று நொடியில் போவது 42 மீட்டர். கோட்டுக்கு 44 மீட்டரில் இருந்தால்? நிற்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. அங்கே மாட்டியவன் மேல் தப்பே இல்லை. ஆனால் அபராதச் சீட்டு வரும்.

இந்த இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்டி 1960இலேயே மூன்று பேர் கட்டுரை எழுதினார்கள்: காஸிஸ், ஹெர்மன், மாரதுடின். இதில் ராபர்ட் ஹெர்மன், பிரபஞ்சம் பிறந்தபோது மிஞ்சிய வெப்பம் இன்னும் வானத்தில் இருக்க வேண்டும் என்று 1948இல் கணித்த இருவரில் ஒருவர். அப்பேர்ப்பட்ட ஆள் சிக்னலில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதில் டிரைவர் சாதிக்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஈர ரோட்டில் பிரேக்கை மெல்லத்தான் பிடிக்க முடியும். 50இல் நிற்க 60 மீட்டருக்கு மேல் ஆகிவிடும். மேலே சொன்ன நாலு மீட்டர் பொறி இருபது மீட்டராக நீளும்.

மீட்டரை எல்லாம் ஓட்டும்போது அளக்க முடியுமா என்பாய். முடியாது, வேண்டியதும் இல்லை. நம் ஊர் எஸ் வளைவில் லோடு லாரி இறங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். வளைவுக்குள் வந்தபிறகு பிரேக்கைத் தேடுகிறவன் டிரைவரே இல்லை. மேலே கோட்டைவாசல் பக்கமே கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குவான். ஏறின கியரில் இறங்கு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சிக்னலையும் வளைவு மாதிரி நினை. தூரத்தில் பச்சை தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடு. காய்ந்த ரோட்டில் முப்பதுக்கு வந்துவிட்டால் பொறியே இல்லை. பிறகு கோட்டுக்கு முன்னால் ஐந்து கார் நீளத்தில் ஒரு கம்பத்தையோ கடையையோ மனசில் குறித்துக்கொள். அதற்கு முன் மஞ்சள் விழுந்தால் நிற்பது, தாண்டியபின் விழுந்தால் போவது. முடிவை முதலிலேயே எடுத்துவிட்டதால் மஞ்சளைப் பார்த்ததும் பதறவேண்டியதில்லை. மழையில் குறியை இன்னும் ரெண்டு கார் தள்ளி வை.

நொடி எண்ணுகிற டைமர் இருக்கும் சிக்னலில் மூன்று, இரண்டு என்று ஓடும்போது எல்லாரும் விரட்டுவார்கள். குறுக்குப் பக்கத்தில் சிவப்பு டைமர் முடியுமுன்னே கிளம்புகிறவனும் அதே நேரத்தில்தான் வருகிறான். உனக்குப் பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடு. ராத்திரி மஞ்சள் மட்டும் விட்டு விட்டு எரிந்தால் நிற்க வேண்டாம், மெதுவாகப் பார்த்துப் போ.

அந்த வேன்காரனையும் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். நீ நிற்கப் போவது அவனுக்கு எப்படித் தெரியும்? காலை முன்னாலேயே எடுத்திருந்தால் உன் வண்டி தளர்வதை அவனும் பார்த்திருப்பான். சிக்னலை நெருங்கும்போது கண்ணாடியில் ஒரு பார்வை போதும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரியாக இருந்தால், பிரேக் லைட் அவன் கண்ணில் படும்படி முதலில் லேசாக மிதி, பிறகு அழுத்து.

சாரல் விட்டதும் மதுரையிலிருந்து வருகிறேன், சேர்ந்து ஒரு ரவுண்டு போகலாம். அதற்குள் பின்னால் 'எல்' போர்டு ஒட்டியிருக்கிறதா என்று பார். முன்னால் மட்டும் ஒட்டிவிட்டு மறந்திருப்பான் உன் அப்பா.

பெரியப்பா