பழைய இறைப்பு எஞ்சினும் அதன் ஒயிலும்

கிணற்று நீரை நம்பி மிளகாய், வெங்காயம், மரக்கறி முதலியன செய்யும் கமக்காரருக்கு இறைப்பு எஞ்சின் வீட்டுக்கு உழைக்கும் ஓர் ஆளுக்குச் சமமானது. வெங்காயம் பருக்கும் வேளையில் அது நான்கு நாள் நின்றுவிட்டால், பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் இழந்த விளைவு திரும்புவதில்லை. எஞ்சின் கெட்டதும் அதன் வயதைக் குறைகூறுதல் வழக்கம். ஆயினும் ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்ட பழைய எஞ்சின் பல வருடங்கள் கடந்தும் இறைப்பதையும், கவனிப்பாரற்ற புது எஞ்சின் விரைவிலேயே புகை கக்குவதையும் ஒரே ஊரிற் காணலாம்.

எஞ்சினின் உள்ளே உரசும் உறுப்புக்களை வழுவழுப்பாக வைத்திருத்தல் ஒயிலின் முதலாவது வேலை. அத்துடன் அது சூட்டைக் கொண்டு செல்கின்றது. பிஸ்டனையும் சிலிண்டரையும் கழுவுகின்றது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் புகைக்கரி, நீராவி, உலோகத் துகள் யாவும் ஒயிலிலே வந்து சேரும். மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஒயிலைத் தள்ளுவதற்கு ஒரு பம்பும், அழுக்கைப் பிடிப்பதற்கு ஒரு வடியும் உண்டு. சிறிய இறைப்பு எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் இவ்விரண்டும் இல்லை. பிஸ்டன் தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஒயிலில் முங்கி அதை எங்கும் விசிறியடிக்கின்றது. எனவே உள்ளே சேர்ந்த அழுக்கு வெளியேறுவதற்கு ஒயிலை மாற்றுதலைத் தவிர வேறு வழி கிடையாது. எஞ்சினைக் கிணற்றுக் கட்டிற் சரிவாக வைத்து ஓட்டுதல் கூடாதென்பதற்கும் இதுவே காரணம். ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் அகப்பைக்கு எட்டாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இன்னுமொரு துன்பம் உண்டு. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் நன்கு சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அதன் ஒரு பகுதி எரியாமல் துளிகளாகவே சிலிண்டரின் சுவரிற் படிந்து, அங்குள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு, றிங்குகளைக் கடந்து கீழே இறங்கும். றிங் தேய்ந்த பழைய எஞ்சினில் இது இன்னும் அதிகம். இவ்வாறு நாள்தோறும் சிறிது சிறிதாக ஒயில் நீர்த்துப்போகின்றது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒயில் பார்க்கும் கோலை எடுத்துப் பார்க்கும்போது அளவு குறையாதிருந்தால், "என்னுடைய எஞ்சின் ஒயில் குடிப்பதில்லை" என்று மகிழ்ச்சியடைவர். பழைய எஞ்சின் ஓரளவு ஒயிலை எரிப்பது இயல்பு. பல வாரம் ஓடியும் அளவு அப்படியே நிற்குமாயின், குறைந்த ஒயிலின் இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பியிருக்கலாம் என ஐயுறுதல் வேண்டும். அளவு ஏறியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. எரிபொருளோ நீரோ உள்ளே இறங்கியுள்ளது. அத்தகைய எஞ்சினை மேலும் ஒரு நாளேனும் ஓட்டுதலாகாது. நீர்த்த ஒயிலுடன் ஓடும் எஞ்சினின் கிராங்குத் தண்டு இறுகுமாயின், அதைத் திருத்தும் செலவு பல வருடத்து ஒயிற் செலவை விழுங்கிவிடும்.

ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கோலின் நுனியை மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மணம் தெரியும். துண்டுக் கண்ணாடி ஒன்றில் புது ஒயில் ஒரு துளியையும் எஞ்சினிலிருந்து எடுத்த ஒயில் ஒரு துளியையும் அருகருகே இட்டுக் கண்ணாடியைச் சரித்துப் பிடிக்க. பழையது புதியதை முந்திக்கொண்டு ஓடினால் அது நீர்த்துவிட்டது. மோர் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்மானித்தல் பிழை. இக்காலத்து ஒயில்களில் கரியைக் கரைத்து வைத்திருக்கும் மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளமையால், அவை விரைவிற் கறுப்பது தம் வேலையைச் செய்வதன் அடையாளமே. மறுபுறம், மண்ணெண்ணெய் கலந்து பார்வைக்கு வெளிறிய ஒயில் மிகக் கெட்டதாயிருக்கக்கூடும்.

ஆகவே நிறத்தைப் பாராது மணித்தியாலத்தைக் கணக்கிடுதல் வேண்டும். சிறிய பெற்றோல் எஞ்சின்களுக்குப் புதிதில் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஒயில் மாற்றும்படி தயாரிப்பாளர் பலர் கூறுவர். மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சினுக்கு அதன் அரைவாசியாகிய 50 மணித்தியாலமே தகும். மூன்று நாளைக்கு ஒரு முறை நான்கு மணித்தியாலம் இறைப்பவருக்கு இது ஏறக்குறைய ஐந்து வாரம். இரண்டு அங்குலக் குழாயுள்ள எஞ்சின்கள் பலவற்றுக்கு ஒரு தடவைக்கு வேண்டிய ஒயில் 600 மில்லிலீற்றர் அளவே. எஞ்சின் கொட்டிலின் சுவரில் கரிக்கட்டியினால் இறைப்புக்கு ஒரு கோடாக இட்டு வந்தால் கணக்குத் தவறாது.

ஒயில் மாற்றும் முறை யாவரும் அறிந்ததே. எனினும் சூடாக இருக்கையில் வடித்தல் வேண்டும் என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர். ஆறிய எஞ்சினில் அழுக்கு அடியிற் படிந்துவிட, மேலே நிற்கும் ஒயில் மட்டுமே வெளிவரும். இறைப்பு முடிந்து எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தின் பின், கையைச் சுட்டுக்கொள்ளாதவாறு அடி மரையாணியைக் கழற்றி, துளி நிற்கும்வரை வடிய விடுக. பின்பு எஞ்சினை மட்டமாக வைத்து எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 10டபிள்யூ-30 என்று குறித்த நான்கடி எஞ்சின் ஒயிலை அளவுக்கு ஊற்றுக. அளவுக்கு மேல் ஊற்றினால் நன்மை இல்லை, புகையே மிஞ்சும். ஒயிலோடு காற்று வடியையும் தட்டிக் கழுவுதல் நன்று. செம்மண் தூசி உட்புகுந்தால் ஒயிலே அரைக்கும் கல்லாக மாறிவிடும்.

மண்ணெண்ணெய் இறங்குவதைக் குறைப்பதும் கமக்காரரின் கையிலேயே உள்ளது. பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறத்தல் வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னதாக மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவாகும் சிறிதளவு பெற்றோலைச் சேமிக்க எண்ணுவோர் ஒயிலிலும் றிங்கிலும் அதைப் பன்மடங்காகக் கொடுத்துவிடுவர்.

பல வருடம் ஒயில் மாற்றாது விட்ட எஞ்சினைச் சுத்தஞ் செய்வதில் அவசரம் கூடாது. யாழ்ப்பாணத்தில் மரக்கறி மூடைகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பழைய ஒஸ்ரின் ஏ40 கார்கள் இதற்குத் தக்க உதாரணம். 1990 ஆம் ஆண்டின் பின் வடக்கிற்குப் பெற்றோல் வராது தடைப்பட்ட காலத்தில் இவை மண்ணெண்ணெயிலேயே ஓடின. இத்தகைய எஞ்சின்களின் அடியில் தார் போன்ற கறுத்த மண்டி படிந்திருப்பதுண்டு. சிலர் மண்ணெண்ணெயை உள்ளே ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவுவர். இது தீய வழக்கம். பெயர்ந்த மண்டி திரளாகச் சென்று ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். மிஞ்சிய மண்ணெண்ணெய் புது ஒயிலையும் நீர்க்கச் செய்யும். அடிப்பாத்திரத்தைக் கழற்றி மண்டியைக் கையால் வழித்தெடுப்பதே சாலச் சிறந்தது. அதற்கு வசதியில்லையாயின் புது ஒயில் ஊற்றிச் சில நாள் ஓடியபின் வடித்து, மறுபடியும் புது ஒயில் ஊற்றி, இவ்வாறு இரண்டு மூன்று தடவை குறுகிய கால இடைவெளியில் மாற்றினால் மண்டி மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும். ஒவ்வொரு முறையும் வடியையும் மாற்றுக.

வயல் உழும் இரு சக்கர உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். அதன் ஒயில் மாற்றிய அன்றே கறுப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மேலே நீர்த்தொட்டி வைத்த எஞ்சினில் ஒயில் வெளுத்தால், சிலிண்டர்க் குழாயின் இறப்பர் வளையத்தைக் கடந்து நீர் இறங்குகின்றதா எனப் பார்ப்பித்தல் அவசியம்.

வடித்த ஒயிலை என்செய்வது என்பது சிறு விடயமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புக்கள் வழியாக மேலே ஊற்றியது கீழே இறங்கும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த துன்பத்தையும், அது தொடர்பாக 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதையும் கமக்காரர் அறிவர். இறைப்பு எஞ்சின் நிற்பது கிணற்றடியிலாதலால், எஞ்சினைத் தூக்கிச் சென்று கிணற்றுக்கு அப்பால் வடித்தல் நன்று. வாய் அகன்ற தகரத்தில் ஏந்தி, மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய ஒயில் வாங்கும் சேர்விஸ் நிலையத்திற் கொடுத்துவிடுக. கறையானுக்கென்று மரத்தூண்களிற் பூசுவோரும் கிணற்றுக்கு அண்மையில் அதைச் செய்யாதிருத்தல் வேண்டும். பழைய ஒயில் தோலுக்குத் தீங்கு செய்வதாகையால் வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. துடைத்த கந்தல் துணியையும் வாய்க்காலோரம் எறியாது கையோடு எடுத்துச் செல்க.