மனத்தடையைத் தாண்டு

நுழையும் முன்

கால் தடுக்கி விழுந்தவர் உடனே எழுந்துவிடுவார். மனம் தடுக்கி விழுந்தவர் எழுவது அத்துணை எளிதன்று. ‘இனி என்னால் இயலாது’ என்று உள்ளிருந்தே எழும் குரலை மனத்தடை என்பர். தமிழர் ஒருவர் அத்தடையைத் தாண்டிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. அவர் உழைத்த ஊர், நீங்கள் வாழும் இதே திருவனந்தபுரம்.

தும்பாக் கடற்கரை

திருவனந்தபுரத்தின் வடபால், அரபிக்கடலோரம் அமைந்த மீனவர் ஊர் தும்பா. புவியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்வதால், வளிமண்டல ஆய்வுக்கு ஏற்ற இடமென அறிவியலார் அதனைத் தேர்ந்தனர். அங்கிருந்த புனித மகதலேனா மரியாள் தேவாலயமே அவர்களின் முதல் அலுவலகமாயிற்று. ஏவூர்தியின் பாகங்கள் மிதிவண்டியிலும் கொண்டுசெல்லப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது.

அப்பணியில் ஈடுபட்ட இளைஞருள் ஒருவர், இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். பணியின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நகரில் உழைத்தார்.

கடலில் விழுந்த ஊர்தி

செயற்கைக்கோளை இந்திய ஊர்தியிலேயே விண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பது அக்காலத்தின் பெருங்கனவு. அதற்காக விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவூர்தி உருவாயிற்று. அதன் உயரம் 22 மீட்டர், எடை 17 டன், அடுக்குகள் நான்கு. அதன் திட்ட இயக்குநர் கலாம்.

1979 ஆகஸ்டு 10 அன்று ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டாவில் ஊர்தி ஏவுவதற்கு ஆயத்தமாக நின்றது. இறுதி நேரத்தில், இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு தென்பட்டது. அதனால் பெருங்கேடு நேராது எனக் கருதி ஊர்தியை ஏவினர். முதல் அடுக்கு செவ்வனே இயங்கியது. இரண்டாம் அடுக்கோ கட்டுப்பாட்டை இழந்தது. சில நிமிடங்களில் ஊர்தி வங்கக் கடலில் விழுந்தது. பல்லாண்டு உழைப்பு நீரில் மூழ்கியது.

எழ மறுத்த மனம்

சோர்வு மேலிடக் கலாம் தம் அறைக்குச் சென்று படுக்கையில் சாய்ந்தார். கண் விழித்தபோது, மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ் அருகில் இருந்தார். ஏற்கெனவே இருமுறை வந்து, கலாம் உறங்குவதைக் கண்டு எழுப்பாமல் திரும்பியவர் அவர். “ஏன் தோற்றாய்?” என்று அவர் வினவவில்லை, அறிவுரையும் கூறவில்லை. உணவருந்த அழைத்தார். இருவரும் சேர்ந்து உண்டனர். எழ மறுத்த மனம் எடுத்து வைத்த முதல் அடி அந்த ஒரு வேளை உணவே ஆகும்.

அடுத்த அடி அதனினும் கடியது. தோல்விக்கான காரணத்தை ஆராய அறிவியலார் கூடினர். அவ்வவையில் கலாம் எழுந்து, கசிவைச் சிறிதென மதிப்பிட்டது தம் பிழை என்றும், ஏவுதலைத் தாம் நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் கூறிப் பொறுப்பை ஏற்றார். பிழையை மறைக்கவே மனம் விரும்பும். அவ்விருப்பத்தை வென்று உண்மையைக் கூறியபின், செய்ய வேண்டிய பணி ஒன்றே எஞ்சியது: குறையைக் கண்டறிந்து களைதல்.

விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான், தோல்வியுற்ற நாளில் செய்தியாளர் முன் தாமே சென்று விடையளித்தார். தம் குழுவினரை அடுத்த ஆண்டில் வெற்றி காண்பர் என நம்பினார்.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 மீண்டும் எழுந்தது. ரோகிணி செயற்கைக்கோளை அதன் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளரைச் சந்திக்கத் தவான் கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவர் ஏற்றார். வெற்றியைக் குழுவிற்கு அளித்தார்.

நாம் அறிவது

மன உறுதி வந்தபின் கலாம் எழவில்லை. எழுந்தபின்னரே மன உறுதி வந்தது. ஓய்வு கொள்வது தோல்வியன்று; உறங்கியபின் எழாதிருப்பதே தோல்வி. பிறர் நீட்டும் கையைப் பற்றி எழுவதும் இழிவன்று.

வீட்டில் தமிழ் பேசும் மாணவி ஒருத்தி, வகுப்பில் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிக்க எழுகிறாள் எனக் கொள்வோம். ‘ழ’கரத்தில் நா தடுமாறுகிறது, யாரோ சிரிக்கின்றனர். மறுநாள் ‘நான் படிக்க மாட்டேன்’ என்கிறது மனம். ஒரு நாள் ஒதுங்கினால் மறுநாள் அத்தடை சற்று உயரும். ஒரே ஒரு வரியையேனும் படித்துவிட்டால் அது சற்றுத் தாழும். பத்தியை நாளை பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அவ்வொரு வரி போதும்.

வள்ளுவர் இப்பொருளுக்கென்றே ‘இடுக்கண் அழியாமை’ என 63ஆம் அதிகாரத்தை அமைத்தார். துன்பம் வாராதிருக்க வழி கூறாமல், வந்த துன்பத்தில் கலங்காதிருக்க வழி கூறுவது அவ்வதிகாரம்.

சொற்பொருள்

வடபால் – வடக்குப் பக்கம்
செவ்வனே – நன்றாக
கடியது – கடினமானது
களைதல் – நீக்குதல்
இடுக்கண் – துன்பம்

பயிற்சி

1. தும்பா ஏவுதளத்திற்கு ஏற்ற இடமாகக் கருதப்பட்டது ஏன்?
2. பிரம்ம பிரகாஷ் அறிவுரை கூறாமல் உணவருந்த அழைத்தது ஏன்? நும் கருத்தை எழுதுக.
3. பிரித்து எழுதுக: மனத்தடை, பெருங்கனவு, அவ்வொரு.
4. நீவிர் செய்யத் தயங்கும் செயல் ஒன்றையும், அதில் இன்றே எடுத்து வைக்கக்கூடிய முதல் அடியையும் ஐந்து வரிகளில் எழுதுக.